மறதிக்கு முன்னே வரும் பதற்றம்

65 வயதைக் கடந்த ஆயிரம் பேரில் டிமென்ஷியா எனும் மறதி நோய் உள்ளவர்கள் 3 பேர்தான். 2008இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இந்தியக் கிராமப்புறத்துக்கு வந்த கணக்கு இது. கணக்கெடுத்த கிராமங்கள் நம் வேலூர்ப் பக்கம் இருப்பவை. அதே அளவுகோலை வைத்துப் பார்த்தபோது கியூபாவில் ஆயிரத்துக்கு 63 பேர். கேழ்வரகும் காட்டுவேலையும் கூட்டுக் குடும்பமும் மூளையைக் காத்துவிட்டன என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் ஆசை வரும்.

ஆய்வை நடத்தியவர்கள் அந்த ஆசைக்கு இடம் கொடுக்கவில்லை. 1998இல் கொச்சியில் நடந்த கூட்டத்தில் உருவானது அந்தக் குழு. பெயர் 10/66. மறதி நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, அந்நோயைப் பற்றிய மக்கள்தொகை ஆய்வுகளில் 10 விழுக்காடுகூட அங்கே நடப்பதில்லை என்ற அநியாயத்தையே பெயராக வைத்துக்கொண்டார்கள். சென்னை, வேலூர் உட்பட ஏழு நாடுகளின் ஊர்களில் ஏறத்தாழ 15,000 முதியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள்.

அந்த 3 எங்கிருந்து வந்தது? அமெரிக்க மனநல மருத்துவர்களின் அன்றைய வரையறைப்படி நினைவு குன்றினால் மட்டும் போதாது, அதனால் அன்றாட வேலையும் கெட்டிருக்க வேண்டும். அதை வீட்டாரைக் கேட்டுத்தான் அறிய முடியும். மருமகள் என்ன சொல்வாள்? அடுப்படி எப்போதோ அவள் கைக்கு வந்துவிட்டது. கடைக்குப் பேரன் போகிறான், பணம் காசை மகன் பார்த்துக்கொள்கிறான். கெட்டுப்போவதற்குப் பாட்டியிடம் ஒரு வேலையும் மிச்சமில்லை. “வயசாயிடுச்சு, மறதி இருக்கத்தானே செய்யும்” என்று அன்போடுதான் சொல்வார்கள். அந்த அன்பில் நோய் மறைந்துவிடுகிறது. பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் பொருந்தும்படி குழு தானே வகுத்த முறையில் கணக்கிட்டபோது, எந்த நாட்டிலும் எந்தக் கிராமத்திலும் ஆயிரத்துக்கு 56க்குக் கீழே எண் இறங்கவில்லை.

படிக்காதவரின் நினைவை அளப்பதே பெரிய கலை. வழக்கமான சோதனையில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள். ஹரியானாவின் பல்லப்கரில் ஆய்வு செய்தவர்கள், “உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்” என்று அதை மாற்றினார்கள். கண்ணை மூடு என்று எழுதிக் காட்டுவதற்குப் பதிலாக, என்னைப் பார்த்து நான் செய்வது போலவே செய்யுங்கள் என்று சொல்லித் தாங்களே கண்ணை மூடிக் காட்டினார்கள். ஒரு மனிதரை அவர் இருக்கும் இடத்துக்கே போய்ச் சந்திப்பது என்றால் இதுதான்.

மறதியோடு பலமுறை சேர்ந்து வரும் பதற்ற நோயின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். 2011இல் இதே குழு முதியவர்களிடம் அதைக் கணக்கிட்டபோது சீனக் கிராமத்தில் நூற்றுக்கு 0.1, பெரு நாட்டு நகர்ப்புறத்தில் 9.6. சீனத்துக் கிழவர்கள் இத்தனை நிம்மதியாகவா இருக்கிறார்கள்? சொல்லும் விதமும் கேட்கும் விதமும் இந்த இடைவெளியில் பெரும்பங்கு வகிக்கின்றன என்றே நினைக்கிறேன். நம் ஊரிலும் “எனக்குப் பயமாக இருக்கிறது” என்று எந்தத் தாத்தாவும் மருத்துவரிடம் சொல்வதில்லை. நெஞ்சு படபடப்பு, தலைச்சுற்றல், வயிற்றைப் பிசைகிறது, ராத்திரி தூக்கமில்லை என்பார். ஈசிஜி சரியாக இருக்கும். பல நேரம் ஒரு தூக்க மாத்திரையோடு திரும்பி வருவார். அல்பிரசோலம், டயஸெபாம் வகை மாத்திரைகள் முதிய உடலில் மறதியைக் கூட்டும், விழவைக்கும். பதற்றத்துக்குத் தந்த மருந்தாலேயே மறதி வளர்வது கொடுமை.

மருந்து ஒருபுறம் இருக்க, பதற்றமும் மறதியும் ஏன் இப்படிக் கைகோத்து வருகின்றன? ஒரு வழி நமக்குத் தெரிந்ததுதான். கவலை கவனத்தைத் தின்றுவிடுகிறது. கவனத்தில் பதியாதது நினைவில் நிற்காது. நாள்பட்ட பதற்றத்தில் சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோன், நினைவைப் பதியவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸையும் பாதிக்கக்கூடும்.

இன்னொரு வழி வியப்பானது. மூளைத் தண்டில் சுமார் 15 மில்லிமீட்டர் நீளத்தில், சில பத்தாயிரம் நரம்பணுக்களே கொண்ட நீலநிறப் பகுதி ஒன்று உண்டு. லோகஸ் செருலியஸ் என்பார்கள். ஆபத்து என்றால் மூளை முழுவதற்கும் நார்அட்ரினலின் எனும் வேதிப்பொருளை அனுப்பி உசுப்புவது அதுதான். ஜெர்மானிய ஆய்வாளர் ஹைகோ பிராக், இறந்தவர்களின் 2,332 மூளைகளை ஆராய்ந்து 2011இல் சொன்னார்: மறதி நோய்களில் ஒன்றான அல்சைமரில் சேரும் டௌ புரதக் கழிவு முதன்முதலில் தென்படும் இடங்களில் ஒன்று இந்த நீலப் பகுதி, சிலருக்கு 30 வயதுக்கு முன்பே. அப்படியானால் காரணமில்லாத புதுப் பதற்றம் மறதியை வரவழைப்பதாக மட்டுமல்ல, ஏற்கெனவே உள்ளே தொடங்கிவிட்ட நோயின் முதல் குரலாகவும் இருக்கலாம்.

அதற்காகப் பதற்றப்படும் பெரியவர் எல்லோருக்கும் மறதி நோய் வரும் என்று அஞ்ச வேண்டியதில்லை. 2024இல் ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் 2,000க்கும் மேற்பட்ட முதியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு வெளியானது. நீடித்த பதற்றம் உள்ளவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. பதற்றம் தணிந்தவர்களிடமோ அந்தக் கூடுதல் ஆபத்து தென்படவில்லை.

தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. கொண்டுவரும் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு கேள்விகளும் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. பெரியவரிடம்: படபடப்பு எப்போதிலிருந்து? மருமகளிடம்: முன்பு இவர் செய்துவந்த எந்த வேலையை நீ எடுத்துக்கொண்டாய், ஏன் எடுத்துக்கொண்டாய்?