படித்த தாய்க்கும் படிக்க முடியாத கடை!

பி.ஏ. படித்தவள். ஆங்கிலம் சரளமாகப் பேசுவாள். கணவனுக்கு ஜப்பானில் வேலை. கைக்குழந்தையுடன் சென்னையிலிருந்து டோக்கியோ போய்ச் சேருகிறாள். பால் பவுடர் தீர்ந்துவிடுகிறது. கடைக்கு ஓடுகிறாள்.

அலமாரி நிறைய டின்கள். எங்கும் ஜப்பானிய எழுத்து! எது தன் குழந்தைக்கு உரியது? தெரியவில்லை. அந்த நிமிடத்தில் பி.ஏ. படித்தவளும் எழுத்தறியாதவள் ஆகிவிடுகிறாள்.

இப்படி ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். டோக்கியோவில் நிஷிகசாய் என்ற பகுதியில் இந்தியக் குடும்பங்கள் பல வாழ்கின்றன. புதிதாகப் போகும் தாய்க்குக் கடைத்தெருவே முதல் பரீட்சை.

வழி என்ன? எழுத்து தெரியாவிட்டால் எண்ணைப் பாருங்கள்! நாம் எழுதும் 1, 2, 3 தான் அங்கேயும் டின்களில் அச்சாகிறது.

டின்னில் வயது

பிறந்த குழந்தைக்கு உரிய டின்னில் 0 என்ற எண் இருக்கும். பக்கத்திலேயே 9 அல்லது 1 என்று தொடங்கும் டின்கள் இருக்கும். அவை 9 மாதம் ஆன, அல்லது 1 வயது நிரம்பிய பிள்ளைகளுக்கு உரியவை. விலை மலிவு என்று பச்சைக் குழந்தைக்கு வாங்கிவிடாதீர்கள்!

70 என்ற எண்ணும் முக்கியம். பவுடர் கலக்கும் வெந்நீர் 70 டிகிரிக்குக் குறையக் கூடாது. பவுடரில் கிருமி இருந்தால் அந்தச் சூட்டில் சாகும். கலந்த பின் புட்டியைக் குளிர்ந்த நீரில் வைத்து, நன்றாக ஆறிய பிறகே கொடுக்க வேண்டும்.

வெந்நீருக்கே வழியில்லாவிட்டால்? 2016-இல் குமமோட்டோவில் பெரிய பூகம்பம் வந்தது. அப்போது பின்லாந்திலிருந்து கலந்து வைத்த பால் உதவியாக வந்தது. அத்தகைய பாலைத் தயாரித்து விற்க ஜப்பானில் அப்போது விதி இல்லை. 2018-இல் அரசாங்கம் விதி வகுத்தது. 2019-இல் ஜப்பானியப் பாலே கடைக்கு வந்தது. பூகம்ப நாட்டில் இரண்டு டப்பா கையிருப்பு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

எடையும் உயரமும்

டயப்பர் கட்டில் உள்ள எண், குழந்தையின் எடை. பிறந்த குழந்தைக்கு உரியதில் 5 கிலோ வரை என்று இருக்கும். சட்டையில் உள்ள எண், குழந்தையின் உயரம். பிறந்த குழந்தைக்கு 50, 60 சென்டிமீட்டர் சட்டை போதும். சில மாதங்களில் சிறிதாகிவிடும். ஆகையால் அதிகம் வாங்க வேண்டாம்.

எடையும் உயரமும் எப்படித் தெரியும்? அதற்கு ஒரு புத்தகம் உண்டு. அதன் பெயர் தாய்-சேய் நலக் கையேடு. கர்ப்பிணிகள் பதிவு செய்துகொண்டால் நகராட்சி அலுவலகத்தில் இலவசமாகக் கிடைக்கும். யுத்த காலத்தில், 1942-இல், கர்ப்பிணிகளுக்கு ஒரு கையேடு கொடுத்தார்கள். அதைக் காட்டினால் ரேஷன் கூடுதலாகக் கிடைத்தது. 1948-இல் அது தாய்க்கும் சேய்க்கும் பொதுவான கையேடு ஆயிற்று. எடை, உயரம், தடுப்பூசி எல்லாம் அதில் ஏறும். ஆங்கிலத்திலும் உண்டு.

தேன் வேண்டாம்!

கடைசியாக ஒரு எண். தேன் புட்டியில் 1 என்று பார்ப்பீர்கள். ‘1 வயது நிரம்பாத குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்’ என்பது அதன் பொருள். 1987-இல் ஜப்பானிய அரசாங்கமும் இப்படி எச்சரித்தது. அப்படியும் 2017-இல் டோக்கியோவில் 6 மாதக் குழந்தை ஒன்று இறந்தது. பழச்சாற்றில் தேன் கலந்து கொடுத்திருந்தார்கள். பிள்ளைக்கு நல்லது என்று எண்ணிக் கொடுத்த தேன்!

தேனில் ஒருவகைக் கிருமியின் வித்து இருக்கலாம். அது சிறு குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். சாதாரணமாகக் காய்ச்சினாலும் சாகாது. பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தடவும் பழக்கம் நம் வீடுகளிலும் உண்டல்லவா? பாட்டிமார்களே, டோக்கியோ புட்டியில் உள்ள அந்த 1 நமக்கும் சேர்த்துத்தான்!

இன்று கைப்பேசியைக் காட்டினால் ஜப்பானிய எழுத்தை மொழிபெயர்த்துச் சொல்லும். சில சமயம் தப்பாகவும் சொல்லும். ஆகையால் எண்ணையும் பாருங்கள். சந்தேகம் வந்தால், தீர்ந்துபோன டின்னையே எடுத்துப் போய்க் கடைக்காரரிடம் காட்டுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தெரியாததைக் கேட்பவள்தான் கெட்டிக்காரத் தாய்!