குடில் கட்டும் வாரங்கள்

டிசம்பர் பிறந்ததும் தூத்துக்குடியில் எங்கள் அம்மா தட்டுகளில் மண் நிரப்பிக் கேழ்வரகு விதைப்பார். கிறிஸ்துமஸுக்குள் அது விரல் உயரம் வளர்ந்து குடிலுக்குப் புல்தரையாகிவிடும். இப்போது விதைப்பது நான். பழுப்புக் காகிதத்தைக் கசக்கி மலை செய்வது பிள்ளைகள் வேலை. குழந்தை இயேசுவின் சுரூபத்தை மட்டும் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்துதான் வைப்போம். அதுவரை தீவனத் தொட்டி காலியாகவே இருக்கும்.

குடிலின் கதை பழையது. 1223இல் இத்தாலியின் கிரெச்சோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் வைக்கோல் பரப்பி, மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, கிறிஸ்து பிறந்த ஏழ்மையை ஊராருக்குக் கண்முன் காட்டினார். லூக்கா நற்செய்தியின் பிறப்புக் காட்சியில் மாடும் இல்லை, கழுதையும் இல்லை. தங்க இடம் கிடைக்காமல் தொட்டியில் கிடத்தப்பட்ட பிள்ளை உண்டு. இரவில் கிடை காத்த இடையர்கள் உண்டு. அரண்மனைக்கு அல்ல, அவர்களுக்குத்தான் முதலில் செய்தி போனது. எனக்குக் கிறிஸ்துமஸின் உயிரே இந்த இடம்தான்.

அதற்கு மனதைப் பக்குவப்படுத்தவே கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைத் திருச்சபை திருவருகைக் காலமாக வைத்திருக்கிறது. குருவானவர் ஊதா உடை அணிவார். ஞாயிறு பூசையில் வானவர் கீதம் பாடப்படாது. வாசலில் நட்சத்திரம் கட்ட ஒரு மணி நேரம் போதும். எங்களோடு பேச்சு நின்றுபோன வீட்டின் கதவைத் தட்டத்தான் இத்தனை வாரம் வேண்டியிருக்கிறது. பாவசங்கீர்த்தனத்துக்கு நிற்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவதும் அந்த வீட்டு முகங்களே. கிறிஸ்துமஸ் அன்று கேக் தட்டோடு முதலில் அங்கேதான் பிள்ளைகளை அனுப்புகிறேன். மற்ற சொந்தங்களுக்கு மத்தியானம் கொடுத்துக்கொள்ளலாம்.