புத்தளம் யாருடைய காணி?

பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியில் ஒரு தேநீர்க் கடை. என் பேச்சைக் கேட்ட கடைக்கார ஐயா, "எந்த ஊர் தம்பி?" என்றார். வன்னி என்றேன். அவர் யாழ்ப்பாணம் சோனகத் தெரு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது வந்தவர். "காணி அங்க கிடக்கு, உறுதி இங்க கிடக்கு" என்று சிரித்தார். எனக்கு மறுபக்கம். காணிக்குத் திரும்பிவிட்டேன், உறுதி 2009இல் இடம்பெயர்ந்தபோது தொலைந்துவிட்டது.

உறுதி, காணி என்று பேசப்பேச, இதே கரைக்காக நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு பழைய போர் நினைவுக்கு வந்தது. முக்குவருக்கும் கரையாருக்கும் இடையிலான போர் அது.

அந்தக் காலத்தில் புத்தளம் சும்மா ஒரு மீன்பிடிக் கரை அல்ல. 1344இல் இங்கு வந்திறங்கிய மொரோக்கோப் பயணி இபின் பதூதா, கரையெங்கும் கறுவா மரங்கள் ஒதுங்கிக் கிடந்ததையும், யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியை இங்கு சந்தித்ததையும், அவரிடம் முத்துகள் இருந்ததையும் எழுதியிருக்கிறார். முத்து, கறுவா, உப்பு, களப்பு. இந்தக் கரை யார் கையில் இருக்கிறதோ, வருமானமும் அவர்கள் கையில்தான்.

அடுத்த நூற்றாண்டில் கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகு ஆண்டான். புத்தளத்தில் முக்குவர் பலம் பெற்றிருந்தனர். அவர்களை அகற்ற, காஞ்சிபுரம், காவிரிப்பூம்பட்டினம், கீழக்கரை ஆகிய இடங்களிலிருந்து 7740 வீரரை மன்னன் வரவழைத்தான் என்கிறது 'முக்கர ஹட்டன' என்ற சிங்கள ஓலைச்சுவடி. 'முக்குவர் போர்' என்பது அதன் பொருள். மூன்று மாத முற்றுகைக்குப் பின் புத்தளம் கோட்டை விழுந்தது. கரையார் தலைவர்களில் ஒருவனான மாணிக்கத் தலைவன் போரில் இறந்தான். வென்றவர்களுக்கு நீர்கொழும்புப் பக்கத்தில் குடியிருப்பும் பட்டங்களும் கிடைத்தன. மாணிக்கத் தலைவனின் மகனே மன்னன் எடுத்து வளர்த்த சப்புமல் குமாரயா, அதாவது 1450இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய செண்பகப் பெருமாள், என்றும் ஒரு கருத்து உண்டு.

ஆனால் இந்தச் சுவடி போர் நடந்த காலத்தில் எழுதப்பட்டது அல்ல. வென்றவர்களின் வழிவந்தோர் பிற்காலத்தில் எழுதி வைத்தது. எங்கள் முன்னோர் யார், எந்த மன்னன் அழைத்து வந்தான், எந்த நிலத்தைத் தந்தான் என்பதே அதன் சாரம். ஒரு வகையில் அதுவும் ஒரு காணி உறுதிதான். அதனால் அதிலுள்ள பெயர்களையும் எண்களையும் அப்படியே வரலாறாக எடுக்க முடியாது. தோற்றவர்கள் பக்கக் கதை அதில் இல்லை. மட்டக்களப்பில் முக்குவர் திமிலரை வென்ற கதையிலும் இதுதான் நிலை. அங்கு வென்றவர் முக்குவர், கதையும் அவர்கள் பக்கத்தது.

பிறகு என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். புத்தளத்து முக்குவரில் ஒரு பகுதியினர் இஸ்லாத்தையும் இன்னொரு பகுதியினர் கத்தோலிக்கத்தையும் தழுவினர். கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி அவர்களுடைய வழக்கங்களைப் பதிவு செய்திருக்கிறார். வென்ற கரையாரின் வழிவந்தோராகக் கருதப்படும் நீர்கொழும்பு, சிலாபக் கரையோரக் கத்தோலிக்கர் இன்றும் வர்ணகுலசூரிய, குருகுலசூரிய என்ற பெயர்களை வைத்திருக்கின்றனர். கடந்த நூற்றாண்டில் பாடசாலை மொழி மாற, அவர்களில் பெரும்பாலானோர் இன்று சிங்களவர். சில வீடுகளில் முதியவர்கள் மட்டும் தமிழ் பேசுகின்றனர்.

அப்படியானால் அந்தப் போரில் "நாங்கள்" யார்? இரு பக்கமும் தென்னிந்தியாவிலிருந்து வந்த கடலோடிச் சமூகங்கள். ஒரு பக்கத்தின் வழிவந்தோர் இன்று சிங்களவர் என்றும், மறு பக்கத்தின் வழிவந்தோரில் ஒரு பகுதியினர் முஸ்லிம்கள் என்றும் பதிவாகின்றனர். பழைய போரைக் காட்டி இது எங்கள் மண் என்று இன்று யார் சொன்னாலும், அந்த முன்னோர் அவர்களுக்கு மட்டும் சொந்தமாக இருக்க மாட்டார்கள்.

இதனால் இன்றைய காணிப் பிரச்சினை சின்னதாகிவிடாது. 1990இல் விட்டுவந்த வீட்டையோ, வேலிக்குப் பின்னால் இராணுவம் வைத்திருக்கும் வயலையோ கேட்பவருக்கு 15ஆம் நூற்றாண்டு மன்னன் தேவையில்லை. அங்கு பிறந்தவர், அங்கு கிணறு வெட்டியவர், அதைப் பார்த்த அயலவர் இன்னும் உயிரோடு இருக்கின்றனர். அதுவே போதுமான சாட்சி. அந்தச் சாட்சிகள் போவதற்குள் எழுதி வைக்க வேண்டும். அதுவும், முக்கர ஹட்டன போல ஒரு பக்கம் மட்டும் எழுதாமல்.

தேநீர்க் காசை ஐயா வாங்கவில்லை. சோனகத் தெருப் பக்கம் போனால் தன் வீட்டு மாமரம் நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். போய்ப் பார்க்க வேண்டும்.