வீட்டு முற்றத்திலிருந்து வியாழனைப் படம் பிடிக்கலாம்!



இரவில் முற்றத்துக்கு வந்து வானத்தை நோக்கும்போது, சுற்றிலும் நட்சத்திரங்கள் மின்னிக் கொண்டிருக்க, மின்னாமல் நிலையாக ஒளிவீசும் ஒன்றை நீங்கள் கண்டிருக்கலாம். அது நட்சத்திரமல்ல, ஒரு கோள். நடு இரவில் மிகப் பிரகாசமாக நிற்பதாயின் அது அநேகமாக வியாழன். அரபு மொழியில் அதற்கு முஷ்தரீ என்று பெயர். சற்று மங்கலாக மஞ்சள் நிறத்தில் தெரியும் சனிக்கோளை ஸுஹல் என்பர்.

இவ்விரண்டும் பெரும்பாலும் ஐதரசன், ஈலியம் ஆகியவற்றாலான இராட்சத வாயுக் கோள்கள். காலூன்றி நிற்க அங்கே தரையில்லை. வியாழனின் குறுக்களவு நமது பூமியைப் போல் ஏறத்தாழ 11 மடங்கு. நாம் காண்பது அதன் முகிற் கூட்டங்களையே. அவை ஓயாது மாறிக் கொண்டிருக்கின்றன. எனவே நேற்றைய படமும் இன்றைய படமும் ஒன்றாக இருப்பதில்லை.

இத்தகைய கோள்களைப் படம் பிடிப்பது பெரிய ஆய்வுகூடங்களுக்கே உரிய வேலை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நடந்தவற்றைப் பாருங்கள்.

முற்றத்தில் நின்றவர் கண்ட தழும்பு

அவுஸ்திரேலியாவில் அன்ரனி வெஸ்லி என்பவர் கணினித் துறையில் தொழில் புரிபவர். 2009 ஜூலை 19ஆம் திகதி இரவு, தமது வீட்டில் வைத்திருந்த பதினான்கரை அங்குலக் கண்ணாடித் தொலைகாட்டியால் வியாழனைப் படம் பிடித்துக் கொண்டிருந்தார். அதன் தென்துருவத்தை அண்டி ஒரு கரும்புள்ளி தோன்றியது. சந்திரனொன்றின் நிழலாக இருக்குமோ என்று முதலில் ஐயுற்றார். இடமும் பொருந்தவில்லை, வேகமும் பொருந்தவில்லை. இரு இரவுகளுக்கு முன் அதே பகுதியைத் தாம் எடுத்திருந்த படத்தைத் தேடிப் பார்த்தார். அதில் அந்தப் புள்ளி இல்லை!

உடனே மற்றவர்களுக்கு அறிவித்தார். நாஸா விஞ்ஞானிகள் ஹவாயிலுள்ள தொலைகாட்டியைத் திருப்பி அதை உறுதி செய்தனர். சில தினங்களில் ஹபிள் விண்வெளித் தொலைகாட்டியும் படமெடுத்தது. ஏதோவொரு விண்பொருள் வியாழனில் மோதியிருந்தது. அதன் தழும்பு பசிபிக் சமுத்திரமளவு பரந்திருந்தது. 1994 ஜூலையில் ஷூமேக்கர்-லெவி வால்வெள்ளியின் துண்டுகள் வியாழனில் விழுந்து சரியாக 15 ஆண்டுகளின் பின் இது நிகழ்ந்தது. 1994இல் நடக்கப்போவதை உலகம் முன்னரே அறிந்திருந்தது. 2009இலோ எவரும் எதிர்பார்க்கவில்லை. பெரிய தொலைகாட்டிகள் வேறு பணிகளில் ஈடுபட்டிருந்தன. விழித்திருந்தவர் முற்றத்தில் நின்ற ஒருவரே.

பிலிப்பைன்ஸின் செபு தீவில் வசிக்கும் கிறிஸ்டோபர் கோ என்பவரும் இத்தகையவரே. வியாழனில் வெண்ணிறமாக இருந்த ஒரு புயற் சுழல் சிவந்துவிட்டதை 2006 பெப்ரவரியில் முதலில் கண்டு சொன்னவர் அவர். 2010 ஜூன் 3ஆம் திகதி வியாழனில் இரண்டு விநாடிகள் ஓர் ஒளி பளிச்சிட்டதை வெஸ்லி கண்டார். கோ தமது பதிவைத் திருப்பிப் பார்த்தபோது அதே கணத்தில் அதே ஒளி அதிலும் இருந்தது. ஒருவரின் சாட்சியை மற்றவரின் சாட்சி உறுதிப்படுத்தியது.

செபு நம்மைப் போன்று மத்தியகோட்டுக்கு அண்மையிலுள்ள தீவு. இங்கெல்லாம் கோள்கள் உச்சி வானுக்கு அருகே செல்கின்றன. ஆதலால் காற்றின் கலக்கம் குறைவாக இருக்கும். ஐரோப்பியர்களுக்குச் சில ஆண்டுகளில் இவை அடிவானத்தையொட்டியே தெரியும். இந்த வாய்ப்பு நமக்கு இருக்கிறது, பயன்படுத்துவோர்தான் குறைவு.

எப்படி எடுக்கிறார்கள்?

எரியும் அடுப்புக்கு மேலாக அப்பாலுள்ள பாத்திரத்தைப் பாருங்கள், அது நடுங்குவது போலத் தெரியும். வளிமண்டலமும் கோள்களை அவ்வாறே நடுங்கச் செய்கிறது. அதனால் ஒரேயொரு படம் எடுத்தால் அது கலங்கலாகவே வரும். எனவே தொலைகாட்டியில் சிறிய கமராவைப் பொருத்தி, இரண்டு மூன்று நிமிடங்கள் வீடியோவாகப் பதிவு செய்கிறார்கள். அதில் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கும். சுளகில் அரிசி புடைப்பது போல, கணினி தெளிவானவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடும். தெளிவானவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நல்லதொரு படம் கிடைக்கும். இதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. நீண்ட நேரம் பதிவு செய்வதும் பயனற்றது. வியாழன் 10 மணித்தியாலத்துக்குள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடுவதால் படம் இழுபட்டுவிடும்.

தாய்மாருக்குச் சில வார்த்தைகள்

உங்கள் மகனோ மகளோ தொலைகாட்டி கேட்டால் உடனே பணத்தைச் செலவிட வேண்டாம். சாதாரண இருகண் தொலைகாட்டியைச் சுவரில் சாய்த்து அசையாமல் பிடித்தாலே வியாழனின் நான்கு பெரிய சந்திரன்களைக் காணலாம். ஆர்வம் நிலைத்தால் பின்னர் வாங்குங்கள். "500 மடங்கு பெருப்பிக்கும்" என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். வில்லை அல்லது கண்ணாடியின் அகலமும், தாங்கியின் உறுதியுமே முக்கியம். 6 சென்றிமீற்றர் வில்லையே சனியின் வளையத்தைக் காட்டும். அதன் பார்வைத்துண்டில் கைத்தொலைபேசியை வைத்தே முதற் படத்தை எடுக்கலாம். அது சிறியதாகத்தான் வரும். பிள்ளை சோர்ந்துபோக விடாதீர்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சூரியன் இருக்கும் திசைக்குத் தொலைகாட்டியைத் திருப்ப விடவே கூடாது. ஒரு கணத்தில் கண்பார்வை போய்விடும். பகலில் அதைப் பூட்டி வையுங்கள்.

இது ஆண்பிள்ளைகளின் விளையாட்டு என்று மகளை ஒதுக்கவும் வேண்டாம். 1781இல் இங்கிலாந்தின் பாத் நகரில், தமது வீட்டுத் தோட்டத்திலிருந்து யுரேனஸ் கோளைக் கண்டறிந்தவர் வில்லியம் ஹேர்ஷல். அவர் மணிக்கணக்காகக் கையெடுக்காமல் கண்ணாடி மெருகிட்டபோது உணவூட்டிவிட்ட தங்கை கரோலின், பின்னர் தாமே எட்டு வால்வெள்ளிகளைக் கண்டறிந்தார். 1787 முதல் அப்பணிக்காக அரசரிடம் சம்பளமும் பெற்றார்.

இறுதியாக, பிள்ளைக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் திகதி, நேரம், வானத்தின் நிலை ஆகியவற்றை அதில் எழுதப் பழக்குங்கள். வெஸ்லியின் கையில் இரு இரவுகளுக்கு முந்திய படம் இல்லாதிருந்தால், அந்தக் கரும்புள்ளி புதியதென்று அவரால் எவ்வாறு உறுதியாகச் சொல்லியிருக்க முடியும்? கருவியின் விலை கூடலாம், குறையலாம். பொறுமையும் ஒழுங்கான பதிவும் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. அவற்றைப் பிள்ளைகள் கற்கும் இடம் வீடுதான்.