உடல் என்னும் புதிர்: சீட்டுகளின் வழியே ஒரு சுகாதாரப் பாடம்

ஏரி மதகிலிருந்து புறப்படும் நீர் எந்த வாய்க்காலில் ஓடி, எந்த மடையில் திரும்பி, யாருடைய வயலை முதலில் அடையும் என்று கேட்டால், நம் உழவர் எவரும் தயக்கமின்றி விடை கூறுவர். இடையில் அடைப்பு ஏற்பட்டால் எந்த வயல் காயும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனால், உண்ட சோறு மண்வெட்டி பிடிக்கும் கைக்கு எவ்வழியாக வலிமையாய் வந்து சேர்கிறது என்று கேட்டால், நம்மில் பலர் விடை தேட வேண்டியவர்களாகவே இருக்கிறோம்.

இவ்வறியாமையால் விளையும் கேடு சிறிதன்று. வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்கு நீர் கொடுத்தால் மேலும் போகும் என்று எண்ணி, நீரையும் பாலையும் நிறுத்திவிடும் வழக்கம் இன்னும் சில இல்லங்களில் உண்டு. அவ்வாறு செய்யலாகாது என்று சொல்லுவது எளிது. ஆயினும், காரணம் விளங்காத அறிவுரை ஆபத்து வேளையில் நினைவுக்கு வருவதில்லை. காரணத்தைத் தாமே கண்டுபிடித்தவர் அதை எளிதில் மறப்பதில்லை. அங்ஙனம் கண்டுபிடிக்கச் செய்யும் புதிர் விளையாட்டு ஒன்றை இங்கு விளக்குவோம்.

விளையாடும் முறை

சீட்டு விளையாட்டு என்றவுடன் சிலர் முகஞ் சுளிக்கலாம். இது பணம் வைத்து ஆடும் ஆட்டமன்று. பழைய அட்டைப் பெட்டியை வெட்டிப் பன்னிரண்டு சீட்டுகள் செய்துகொள்ள வேண்டும். வாய், தொண்டை, இரைப்பை, சிறுகுடல், கல்லீரல், நுரையீரல், சிறுநீரகம், மூளை, தசை, தோல் என ஒவ்வொன்றிலும் ஓர் உறுப்பின் பெயரை எழுதுக. இதயத்துக்கு மட்டும் இரண்டு சீட்டுகள் வேண்டும். இரத்தக் குழாய்களாக வைத்துக்கொள்ள ஒரு சிவப்பு நூற்கண்டும் தேவை. செலவு அவ்வளவே.

நான்கு நான்கு பேராக இரு கட்சிகள் அமைக்கலாம். நடுவர் ஒரு புதிரைப் படிப்பார். சீட்டுகளை உரிய வரிசையில் தரையில் அடுக்கி, இரத்தம் ஓடும் இடங்களில் நூலால் இணைத்து, ஒவ்வோர் உறுப்பும் எதைப் பெற்று எதைக் கொடுக்கிறது என்று சொல்லும் கட்சி வெற்றி பெறும். பள்ளி ஆசிரியரோ கிராம சுகாதாரச் செவிலியரோ நடுவராக இருப்பது நலம்.

முதற் புதிர்: சோற்றின் பயணம்

"ஒரு கவளம் சோறு உழவனின் கால் தசையை அடைவது எவ்வாறு?"

வாய், தொண்டை, இரைப்பை, சிறுகுடல் என்பது வரையில் யாவரும் சரியாக அடுக்குவர். ஏறக்குறைய 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில் சோறு சர்க்கரையாகப் பிரிந்து இரத்தத்தில் கலக்கிறது. அவ்விரத்தம் முதலில் செல்லுமிடம் கல்லீரல். உபரியாக உள்ள சர்க்கரையைச் சேமித்து வைத்து, வேண்டும்போது கொடுக்கும் களஞ்சியம் அது. அங்கிருந்து இரத்தம் இதயத்தை அடைகிறது.

இங்கேதான் பலர் தவறுவர். இதயத்திலிருந்து நேரே தசைக்கு நூலை இழுத்துவிடுவர். அது பிழை. இதயத்தின் வலப்புறம் வந்த இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, உயிர்வளியைப் பெற்று, இதயத்தின் இடப்புறத்துக்குத் திரும்பிய பின்னரே தசைக்குப் பாய்கிறது. இதயத்துக்கு இரண்டு சீட்டுகள் வைத்த காரணம் இதுவே. விறகு இருந்தும் காற்று இல்லையேல் அடுப்பு எரியாதன்றோ? சர்க்கரை விறகு, உயிர்வளி காற்று. இரண்டும் சேர்ந்தாலன்றித் தசை நெடுநேரம் உழைக்க இயலாது.

இரண்டாம் புதிர்: காலில் நுழைந்த கள்வன்

"வயல் வேலை செய்யும் பெண்மணி ஒருவர் வயிறார உண்டும் களைத்துப்போகிறார். கண்ணிமையின் உட்புறம் வெளுத்திருக்கிறது. கொக்கிப் புழுக்கள் அவர் குடலில் உள்ளன. அவை நுழைந்ததோ பாதத்தின் வழியாக. பாதத்தில் நுழைந்த புழு குடலை அடைந்தது எவ்வாறு?"

பாதத்துக்கும் குடலுக்கும் நேர்வழி இல்லை. விடை இதுதான்: தோலைத் துளைத்த நுண்ணிய இளம் புழு இரத்தத்தில் கலந்து, இதயத்தின் வலப்புறம் வழியாக நுரையீரலை அடைகிறது. அங்கே இரத்தக் குழாயை விட்டு வெளியேறி, மூச்சுக்குழாய் வழியே மேலேறித் தொண்டைக்கு வருகிறது. அங்கிருந்து விழுங்கப்பட்டு, இரைப்பையைக் கடந்து சிறுகுடலை அடைந்து, குடற்சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. முதற் புதிரில் இதயச் சீட்டு இரண்டு வேண்டியிருக்க, இங்கு ஒன்றே போதுமானது ஏன் என்பதை விளையாடுவோரே கூறிவிடுவர்.

இரத்தம் குறைந்தால் உயிர்வளியைச் சுமந்து செல்லும் ஆளும் குறைகிறது. ஆகவே விறகு இருந்தும் அடுப்பு மங்குகிறது. இரத்தச் சோகைக்குக் காரணம் வேறு பலவும் உண்டாதலின், சோதனை செய்து அறிதல் அவசியம்.

இப்புழு பாதத்தின் கீழ் மண்ணில் வந்தது எங்ஙனம் என்று நடுவர் அடுத்துக் கேட்க வேண்டும். திறந்த வெளியில் கழித்த மலத்தில் உள்ள முட்டைகள், ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் பொரித்துச் சில நாட்களில் இளம் புழுக்களாகின்றன. ஒருவர் கழித்தது மற்றொருவரின் குடலை அடைகிறது. கழிப்பறை என்பது ஒரு வீட்டாரின் வசதி மட்டுமன்று, ஊரார் அனைவரின் இரத்தத்துக்கும் காவல் என்பது அப்போது தெளிவாகும். காலணி அணிதல், குடற்புழு மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை ஆகியவற்றின் பயனும் விளங்கும். 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்காகத் தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015 முதல் நம் நாட்டில் நடைபெற்று வருகிறது.

மூன்றாம் புதிர்: இரு சாவிப் பூட்டு

"வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தையின் வாய் உலர்ந்தது, சிறுநீர் குறைந்தது, தோலைக் கிள்ளிவிட்டால் மெல்ல இறங்குகிறது, குழந்தை மயங்கிச் சோர்கிறது. பழுது எந்த உறுப்பில்?"

வாய், சிறுநீரகம், தோல், மூளை எனச் சீட்டுகளைப் பலரும் எடுப்பர். அவை யாவும் கடைமடை வயல்கள். கரை உடைந்த இடம் சிறுகுடல். அங்கு நீரும் உப்பும் வெளியேறுவதால் இரத்தத்தின் அளவு குறைகிறது. சிறுநீரகம் எஞ்சிய நீரைக் காக்க முயல்கிறது. மூளைக்குப் போதிய இரத்தம் செல்லாமையால் மயக்கம் வருகிறது. எனவே நீரை நிறுத்துவது, உடைந்த கரையைக் கண்டு ஏரிக்கு வரும் வாய்க்காலை அடைப்பதற்கு ஒப்பாகும்.

அடுத்த வினா: நீருடன் உப்பும் சர்க்கரையும் கலப்பது ஏன்? குடற்சுவரில் ஒருவகை நுண்ணிய வாயில்கள் உள்ளன. வங்கிப் பெட்டகம் இரு சாவிகளால் திறப்பது போல, உப்பும் சர்க்கரையும் சேர்ந்து வந்தால் அவை திறக்கின்றன. இரண்டும் உள்ளே செல்ல, நீரும் பின்தொடர்கிறது. வயிற்றுப்போக்கின்போதும் இவ்வாயில்கள் பெரும்பாலும் பழுதடைவதில்லை. இவ்வமைப்பை ராபர்ட் கிரேன் என்னும் அறிஞர் 1960-ஆம் ஆண்டில் பிராகு நகரில் எடுத்துரைத்தார்.

இதன் பெருமையை உலகுக்குக் காட்டியது நம் நாட்டு முகாம் ஒன்றாகும். 1971-இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த மேற்கு வங்கத்துப் பன்காவில் காலரா பரவியது. இரத்தக் குழாயில் ஏற்றும் மருந்து நீர் போதவில்லை. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பெரும் கலங்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினரைக் கொண்டே புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 ஆக இருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கியது. 2022-இல் மறைந்த அவருக்கு 2023-இல் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கிறது. பொட்டலத்தில் குறித்துள்ள அளவு நீரிலேயே அதைக் கரைக்க வேண்டும். அது கிடைக்காதபோது, காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் ½ தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். அளவு மிகின் தீங்கு விளையும்: சர்க்கரை மிகுந்தால் குடலுக்குள் நீரை இழுக்கும், உப்பு மிகுந்தால் உயிருக்கே ஆபத்து. கரைத்த நீரை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது. தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது. துத்தநாக மாத்திரையையும் சுகாதாரப் பணியாளரிடம் கேட்டுப் பெறுக. குழந்தை பருக மறுத்தாலும், கண் குழிந்து சோர்ந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

பஞ்சாயத்தின் கடமை

இவ்விளையாட்டை நூலகத்திலும், பள்ளியிலும், மகளிர் குழுக் கூட்டங்களிலும் நடத்தலாம். கிராம சபை கூடும் நாளன்று மாலையில் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் போதும். உறுப்பினர்கள் தாமே முதலில் அமர்ந்து ஆட வேண்டும். தோற்றாலும் இழுக்கில்லை. ஊராருக்குத் தெரிந்த நோய்களைக் கொண்டு புதிய புதிர்களையும் அமைக்கலாம். விடைகளை மட்டும் மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

குடிநீர்த் தொட்டியைக் கழுவுவதும், கழிப்பறை கட்டுவதும், காலணி அணிவதும் யாரோ இட்ட கட்டளை என்று எண்ணும் வரையில் அவை சுமையாகவே தோன்றும். தரையில் அடுக்கிய பன்னிரண்டு சீட்டுகளில் அவற்றின் காரணத்தைக் கண்டவருக்கு அவை தம் வயலுக்கு மடை திறப்பது போன்ற சொந்த வேலையாகிவிடும். நள்ளிரவில் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்குக் காணும்போது, அருகில் மருத்துவர் இல்லாமற் போகலாம். இரு சாவிப் பூட்டை அறிந்த தாயோ பாட்டியோ அவ்வீட்டில் இருப்பாராயின், அக்குழந்தை விடியலைக் காணும் வாய்ப்பு மிகுதியாகும். அத்தகையோர் வீடுதோறும் இருக்கும்படி செய்வதே இவ்விளையாட்டின் நோக்கமாகும்.