வாசலருகே ஒரு டின்

எங்கள் ஹற்றன் வீட்டில் விடியற்காலை ஒரு தேடல் நடக்கும். பஸ்ஸுக்கு நான் சில்லறை தேடுவேன். வாப்பா கடைச்சாவி தேடுவார். உம்மா குடை தேடுவார். மூன்றும் வாசலருகே ஒரே குவியலில்தான் கிடக்கும். இதனால் சில நாட்கள் முதற்பாடத்தையே தவறவிட்டிருக்கிறேன்.

ஏன் குவிகிறது? வீட்டுக்குள் நுழைந்ததும் கையிலிருப்பதைக் கண்ட இடத்தில் வைத்துவிடுகிறோம். இப்பழக்கத்தை மாற்றுவது கடினம். ஆகவே, வைக்கும் அதே இடத்தையே ஒழுங்காக்க வேண்டும்.

சாவிக்கு ஓர் ஆணி அடித்தோம். ஈரக்குடைக்குக் கதவுக்கு வெளியே ஒரு வாளி. பழைய பிஸ்கட் டின்னின் நடுவே கடதாசி மட்டையால் தடுப்பு வைத்தோம். ஒரு பக்கம் 10, 20 ரூபாக் குற்றிகள், பஸ்ஸுக்கு. மறுபக்கம் 1, 2, 5 ரூபாக் குற்றிகள். பதினொரு மூலைகளுள்ள 10 ரூபாவை மின்சாரம் இல்லாதபோதும் விரல் அறியும்.

டின்னை ஈரத்திலிருந்து தள்ளி வைப்பது அவசியம். 2017இல் மத்திய வங்கி வெளியிட்ட குற்றிகள் துருப்பிடிக்காத உருக்காலானவை. அதற்கு முந்தியவற்றில் பல, முலாம் பூசிய உருக்கு. முலாம் தேய்ந்தால் நமது மலைநாட்டு மழைக்குத் துருப்பிடிக்கும்.

லயத்தில் வசிக்கும் என் தோழி, இஸ்தோப்பில் இதே முறையைப் பின்பற்றுகிறாள். அவளது டின்னுக்கு அருகில் அட்டைக்கடிக்கு உப்புப் போத்தலும் இருக்கும்.

சிறு குற்றிகள் நிறைந்ததும் வாப்பாவின் கடைக்குப் போகும். முன்பு அங்கே மிச்சக்காசுக்குப் பதில் டொபி கொடுப்போம். நாள் முழுவதும் கொழுந்து பறித்து வருபவரின் ஐந்து ரூபா, அவருடைய ஐந்து ரூபாதானே? இப்போது அதைக் காசாகவே கொடுக்கிறோம்.