கையடக்க வானொலியும் வாக்கியத்தின் ஈறும்

கையடக்க இருவழி வானொலிக் கருவி, இலங்கைத் தமிழர் நாவில் 'வோக்கி' என வழங்குவது, பொறியியலாளருக்குரிய பொருளாகக் கருதப்படுகிறதேயன்றி மொழியாராய்ச்சியாளருக்குரிய பொருளாகக் கருதப்படுவதில்லை. துறைமுகம், வைத்தியசாலை, தீயணைப்புச் சேவை, கட்டட வேலைத்தலம் எனப் பல தொழிற்களங்களில் அது அன்றாடம் பயன்படுகிறது. அதனைக் கையாளுவோருக்குப் பெரும்பாலும் பொத்தான்களைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. எப்படிப் பேசுவதென்று சொல்லிக் கொடுக்கப்படுவதில்லை. அவ்வாறு சொல்லிக் கொடுக்கப்படும் இடங்களிலும் ஆங்கிலத்துக்கென வகுக்கப்பட்ட விதிகளே அப்படியே கூறப்படுகின்றன. தமிழ் வாக்கியத்தின் அமைப்பு ஆங்கில வாக்கியத்தின் அமைப்பன்று என்பதை எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. உயிரோடு தொடர்புடைய விடயமாதலின் இது குறித்து விரிவாக நோக்குதல் தகும்.

முதலிற் கருவியின் இயல்பைக் காண்போம். தொலைபேசியில் இருவர் ஒரே வேளையிற் பேசவும் கேட்கவும் முடியும். இக்கருவியில் அது இயலாது. பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தியிருக்கும் வரை அது அனுப்புகருவி, விட்டவுடன் வாங்குகருவி. அழுத்தியிருப்பவன் அவ்வேளையிற் செவிடன் எனலாம். ஒரே மீடிறனில் இருவர் ஏககாலத்தில் அழுத்தினால், அதை அவ்விருவரும் அறியார். இன்றைய தொழிற்கருவிகளிற் பெரும்பாலானவை கையாளும் மீடிறன் மாற்ற முறையில் இன்னுமொரு சிக்கல் உண்டு. வலிய அலை வாங்குகருவியைத் தன்வயப்படுத்திக் கொள்ள, மெலிய அலை சுவடின்றி மறைந்துவிடும். வலிய குரலைக் கேட்டவன் முழுச் செய்தியையும் கேட்டதாகவே நம்புவான். தூரத்தில் ஒருவன் கத்திக் கொண்டிருந்தது அவனுக்குத் தெரியவே தெரியாது.

விமானங்களின் வானொலி வீச்சு மாற்ற முறையிலமைந்தது. அதில் ஈரலைகள் மோதும்போது ஒரு கீச்சொலியாவது எழும். 1977 மார்ச் 27ஆம் நாள் கனாரித் தீவுகளிலொன்றான தெனரீஃபில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டபோது நிகழ்ந்தது இதுவே. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்தவர் முதலிற் 'சரி' என்ற பொருளில் ஒரு சொல்லைச் சொல்லி, பின்னர் காத்திருக்குமாறு பணித்தார். அதே கணத்தில் மற்ற விமானத்தவர் தாம் இன்னும் ஓடுபாதையிலேயே இருப்பதாக அறிவித்தனர். இரு குரல்களும் மோதிக் கீச்சொலியாயின. புறப்பட்டுக்கொண்டிருந்த விமானத்தில் 'சரி' மட்டுமே தெளிவாகக் கேட்டது. மூடுபனியும் விமானியின் அவசரமும் உட்பட வேறு காரணங்களும் இருந்தன என்பது உண்மையே. எனினும் அச்சொல் ஏற்படுத்திய மயக்கத்தைச் சிறிதென்று ஒதுக்கிவிட முடியாது. அதன் பின்னரே, விமானம் கிளம்புதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைக் கிளம்புவதற்கு அனுமதி வழங்கும்போதும் அதனை மீளப் பெறும்போதும் அன்றி வேறெங்கும் ஆளலாகாதென்ற வழக்கம் வலுப்பெற்றது.

நம்முடைய 'சரி' இதனிலும் மயக்கம் தருவது. 'கேட்டது', 'ஒப்புக்கொள்கிறேன்', 'அவ்வாறே செய்வேன்', 'நீ சொன்னது பிழையன்று', 'போதும், நிறுத்து' ஆகிய அத்தனை பொருளும் அதற்குண்டு. யாழ்ப்பாணத்து 'ஓம்' என்பதும் அப்படியே. ஆங்கில வானொலி வழக்கில் 'ரோஜர்' என்றால் செய்தி கிடைத்தது என்பது மாத்திரமே பொருள். 'வில்கோ' என்றால் கிடைத்தது, செய்வேன் என்பது பொருள். தமிழிற் பேசுவோர் 'கேட்டது' என்றும் 'செய்கிறேன்' என்றும் இரு சொற்களைப் பிரித்தாளுதல் போதுமானது. அதனினும் நன்று, கேட்ட செய்தியின் உயிர்நிலையைத் திருப்பிச் சொல்லுதல்.

இனி வாக்கியத்தின் ஈற்றுக்கு வருவோம். பொத்தானை அழுத்திய மறுகணமே அலை புறப்பட்டுவிடுவதில்லை. அனுப்புகருவி விழித்தெழவும், எதிர்ப்புறத்திலுள்ள இரைச்சலடக்கி திறக்கவும் ஒரு சிறு நேரம் செல்லும். இலக்கமுறைக் கருவிகளிலும் மீளொலிபரப்பி வழியாகப் பேசும்போதும் அது சற்றுக் கூடும். ஆகவே, அழுத்தி ஒரு வினாடி தாமதித்த பின் பேசு என்பது எல்லாக் கைந்நூல்களிலும் உள்ள விதி. ஆங்கிலத்தில் இவ்விதிக்கு இரட்டை வலிமை உண்டு. அம்மொழியில் எதிர்மறை ஏவலின் மறைச்சொல் வாக்கியத்தின் தலையில் நிற்கிறது. தலை வெட்டுண்டால் 'திறவாதே' என்பது 'திற' ஆகிவிடும்.

தமிழிலோ ஆபத்து வாலில் இருக்கிறது. 'தூக்க வேண்டும்', 'தூக்க வேண்டாம்' என்னும் இரண்டையும் ஒப்பிட்டு நோக்குக. இறுதிச் சொல்லின் ஈற்றசையில் உள்ள ஓர் உயிரெழுத்தே இரண்டையும் வேறாக்குகிறது. 'வரவில்லை', 'போகாது', 'முடியாது' எனத் தமிழின் மறுப்பு யாவும் வினையின் பின்னொட்டாகவோ வினைக்குப் பின்னாகவோ அமைகிறது. பேசி முடிப்பதற்கு முன்பே விரலைத் தளர்த்துவது மனித சுபாவம். வாக்கியத்தின் ஈற்றிற் குரல் தாழ்வதும் சுபாவமே. ஆகவே பொத்தானை முந்தி விடுவது ஆங்கிலம் பேசுவோனுக்குச் சிறு குற்றம். தமிழ் பேசுவோனுக்கு அது பெருங்குற்றம். ஆங்கிலக் கைந்நூலைப் படித்து வந்த மேற்பார்வையாளர்கள் முதல் வினாடியைப் பற்றி மாத்திரம் எச்சரிப்பது இதனால் போதாது.

சில ஆண்டுகளுக்கு முன் அடுக்குமாடிக் கட்டட வேலைத்தலமொன்றில் இதனை நேரே கண்டேன். கீழே நின்றவர் பாரந்தூக்கி இயக்குபவருக்கு, "கம்பிக் கட்டைத் தூக்க வேண்டாம், ஆள் நிற்கிறது" என்று சொன்னார். சொல்லும்போதே ஆளை விலக்குவதற்காக ஓடியதால், பொத்தானிலிருந்து விரல் நழுவிவிட்டது. மேலே கேட்டது "கம்பிக் கட்டைத் தூக்க" என்பது வரைதான். இயக்குபவர் எஞ்சியதைத் தாமே நிரப்பிக்கொண்டார். நாள் முழுவதும் தூக்குவதற்கே பணிப்பு வந்துகொண்டிருந்தமையால் அவர் அவ்வாறு நிரப்பியதிற் குற்றமில்லை. கட்டு ஓரடி உயர்ந்து சாய்ந்தது. கீழே நின்ற இளைஞர் சுவரோடு ஒட்டிக்கொண்டதால் தோளிற் சிராய்ப்புடன் தப்பினார். விசாரணையில் "கவனக்குறைவு" என்று எழுதப்பட்டது. தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதுவது எளிது. அவருக்கு அக்கருவியைக் கொடுத்தபோது என்ன கற்பிக்கப்பட்டது என்ற வினா எழுப்பப்படவில்லை.

பரிகாரம் இரண்டு. ஒன்று, கடைசிச் சொல்லுக்குப் பின்னும் ஒரு வினாடி அழுத்தியிருத்தல். மற்றது, வானொலியில் எதிர்மறை ஏவலையே தவிர்த்தல். 'திறக்க வேண்டாம்' என்பதற்கு 'மூடியே வை'. 'தூக்க வேண்டாம்' என்பதற்கு 'நிறுத்து'. 'வர வேண்டாம்' என்பதற்கு 'அங்கேயே நில்'. பாதி வெட்டுண்டாலும் இவை எதிர்ப்பொருள் தருவதில்லை. நமது எழுத்துநடையில் இது வறட்சியாகத் தோன்றலாம். ஆயினும் பாரந்தூக்கியின் கீழ் நிற்பவருக்கு நடையழகால் ஆவதொன்றில்லை.

எழுத்துக்களைச் சொல்லுவதிலும் இவ்வாறே. பெயரையோ குறியீட்டையோ எழுத்தெழுத்தாகச் சொல்ல நேரும்போது ஆங்கிலத்தில் 'அல்பா, பிராவோ, சார்லி' எனத் தொடங்கும் சொற்பட்டியல் 1956 முதல் விமானத்துறையில் வழங்கி வருகிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் அவ்வெழுத்தில் தொடங்கும் ஒரு சொல் என்பதே அதன் அடிப்படை. அம்முறை தமிழுக்கு முற்றாகப் பொருந்தாது. ழகரமும் ளகரமும் ணகரமும் மொழிக்கு முதலாவதில்லை. மயக்கம் தருவனவும் அவையே. குறுகிய ஒலியலைவரிசையில் இவற்றின் வேறுபாடு மேலும் தேய்கிறது. ஆயின் நம் மரபில் இதற்கு விடை ஏற்கெனவே உண்டு. டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் எனவும், சிறப்பு ழகரம், பொது ளகரம் எனவும் பள்ளிக்கூடத்திற் சொன்னது வெறும் மனப்பாடமன்று. கேட்பவன் மயங்காதவாறு எழுத்தைச் சுட்டும் முறை அது. தொல்காப்பியர் கூறும் கரம், காரம், கான் என்னும் சாரியைகளும் இப்பயன் நோக்கியவையே. 'அ' என்றால் இரைச்சலில் மறையும், 'அகரம்' மறையாது, 'ஆகாரம்' அதனோடு மயங்காது.

எண்களை இலக்கமிலக்கமாகச் சொல்லுக. இருபது, அறுபது, எழுபது ஆகியவற்றின் ஈறு ஒன்றே. இரைச்சலில் முதலசை போனால் மூன்றும் ஒன்றாகும். 'ஏழு, பூச்சியம்' என்பது மயங்காது.

கருவியைப் பிடிப்பது பற்றி நீட்டிக்க வேண்டியதில்லை. வாயிலிருந்து நாலைந்து விரலளவு தூரம், நிமிர்ந்த அலைவாங்கி, சாதாரண குரல். கத்தினால் ஒலி சிதையும். யார் யாரை அழைக்கிறார் என்பதை முதலிற் சொல்ல வேண்டும்; அழைக்கப்படுபவரின் குறிப்பெயர் முன்னும் அழைப்பவரின் குறிப்பெயர் பின்னும் வருவது பொதுவழக்கு. ஐந்து வாற்று வலுவுடைய கருவி, சிறு படகுகளில் நிற்கும் இருவருக்கிடையே 10 கிலோமீற்றரளவு எட்டலாம். ஏனெனில் அங்கே தடை புவியின் வளைவு மட்டுமே. அதே கருவி கொங்கிறீற்றுக் கட்டடத்துள் சில மாடிகளுக்கப்பால் ஊமையாகிவிடலாம். அத்தகைய இடங்களுக்கே மீளொலிபரப்பி வேண்டப்படுகிறது.

நியூயோர்க்கின் உலக வர்த்தக மையத்தில் 1993ஆம் ஆண்டுக் குண்டுவெடிப்பின் பின் அத்தகைய மீளொலிபரப்பி நிறுவப்பட்டிருந்தது. 2001 செப்டெம்பர் 11ஆம் நாள் அதனை இயக்க இரு பொத்தான்கள் அழுத்தப்பட வேண்டியிருந்தன. ஒன்று அழுத்தப்பட்டது, தலைமைக் கைப்பிடியை இயக்கும் மற்றது அழுத்தப்படவில்லை. வட கோபுரத்தின் அடித்தளத்தில் நின்ற அதிகாரிகள் அது பழுதென முடிவுசெய்து அதனைக் கைவிட்டனர். தென் கோபுரத்தில் அதே மீளொலிபரப்பி பயன்பட்டது. வட கோபுரத்தில் வெளியேறும்படி இடப்பட்ட கட்டளை சிலருக்குக் கேட்டது, பலருக்குக் கேட்கவில்லை. சிலர் வேறு மீடிறனிற் கருவியை வைத்திருந்தனர். ஓய்விலிருந்து ஓடிவந்த சிலரிடம் கருவியே இல்லை. அன்று மாண்ட தீயணைப்புப் படையினர் 343 பேர்.

இலங்கையில் இக்கருவிகளுக்கும் மீடிறன்களுக்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் வேண்டும். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் இதனை ஆள்கிறது.

இறுதியாக, பதவிநிலை பற்றிய ஒரு குறிப்பு. மேலதிகாரி சொன்னதைத் திருப்பிச் சொல்வதும், 'விளங்கவில்லை, மீண்டும் சொல்லுங்கள்' என்பதும் மரியாதைக் குறைவாகக் கொள்ளப்படும் வழக்கம் நம் வேலைத்தலங்களில் இன்றும் உண்டு. விளங்காத கட்டளைக்கும் 'ஓம் ஐயா' என்ற விடையே வருகிறது. நான் கண்ட அந்த வேலைத்தலத்தில், நிகழ்ச்சிக்குப் பின் ஒரு மூத்த பாரந்தூக்கி இயக்குநர் தாமே ஒரு விதி செய்துகொண்டார்: திருப்பிச் சொல்லி, கீழிருந்து 'அதுதான்' என்ற குரல் வந்த பின்னரே நெம்பை அசைப்பார். 'நிறுத்து' என்ற சொல்லுக்கு மாத்திரம் அவர் காத்திருப்பதில்லை. அதைப் பொறியியலாளர் சொன்னாலும் கல் சுமக்கும் பையன் சொன்னாலும்.